வெள்ளைத் திரையில் ஒரு பெயர்

அந்த வேலையை எனக்குத் தந்தது என் கையைப் பார்த்தா, என் முகத்தைப் பார்த்தா? திரையைத் தைத்து முடிக்கும்வரை இந்தக் கேள்வி என்னை விடவில்லை. முடித்த பிறகு விட்டதா என்று கேட்டால், அதையும் உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

நான் எதையும் உறுதியாகச் சொல்கிற ஆள் இல்லை. அடுப்பை நிற்பாட்டினேனா என்று பார்க்க மூன்று மாடி திரும்ப ஏறுகிறவள். ட்ராமில் ஏறியபின் அடுத்த தரிப்பில் இறங்கி வீட்டுக்கு ஓடி வந்ததும் உண்டு. எட்டாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. பள்ளிக்கூடக் கூரையில் ஷெல் விழுந்தது. பிறகு இடம்பெயர்வு, கொழும்பு, கடைசியில் இந்த ஹனோவர். படித்தவர்கள் ஒரு விஷயத்தை ஒருமுறை யோசித்து முடித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்கள் என்று நினைக்கிறேன். அந்தப் பாடம் ஒன்பதாம் வகுப்பில் இருந்திருக்க வேண்டும்.

இங்கே பதினொரு வருடம் ஒரு முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில் வேலை செய்தேன். பெயர் தைப்பதுதான் வேலை. புதிதாக ஒருவர் வந்து சேர்ந்தால் அவருடைய சட்டை, உள்ளாடை, காலுறை, கழுத்துத்துணி எல்லாவற்றிலும் பெயர்ப் பட்டியைத் தைக்க வேண்டும். பெயர் இல்லாத துணி சலவையில் போனால் போனதுதான். பிறகு அது ஒருவருக்கும் சொந்தமில்லாமல் கூடையில் கிடக்கும். அந்தக் கூடையைப் பார்க்க எனக்கு ஏதோ செய்யும். அதனால் கைக்குட்டையைக்கூட விடமாட்டேன்.

சமையலறைக்காரர்களின் ஏப்ரன்களும் என்னிடம்தான் வரும். அப்படித்தான் சமையலறையில் வேலை செய்த ஒருத்தி எனக்குப் பழக்கமானாள். கருங்கடல் பக்கத்து ஊரிலிருந்து வந்த யூதப் பெண், என் வயதுதான். அங்கே பியானோ ஆசிரியை. இங்கே உருளைக்கிழங்கு உரித்தாள். மதியச் சாப்பாடு முடிந்து தனக்குக் கிடைக்கும் இடைவேளையில், சாப்பாட்டு மண்டபத்தில் சுருதி குலைந்து கிடந்த பியானோவில் கால்மணி நேரம் வாசிப்பாள். நேற்று என்ன சாப்பிட்டோம் என்று தெரியாத கிழவர்கள்கூட அவள் வாசித்தால் காலால் தாளம் போடுவார்கள். நிர்வாகி ஒருநாள், மாதம் ஒருமுறை கச்சேரி வைப்போம், உங்கள் பெயரை அறிவிப்புப் பலகையில் போடுகிறேன் என்றார். அவள் மாட்டேன் என்றுவிட்டாள்.

நாங்கள் இருவரும் பேசியது எங்கள் இருவருக்கும் சொந்தமில்லாத ஜெர்மனில். அது என் காதில் எப்படி விழுந்ததோ அப்படியே எங்கள் பேச்சில் எழுதுகிறேன்.

"ஏன் வேண்டாமெண்டனீர்?" என்று கேட்டேன்.

"இந்தக் கை எனக்குச் சும்மா கிடைச்சது. சும்மா கிடைச்சதுக்கு என்னத்துக்குப் பலகையில பேர்?" என்றாள். பிறகு, "அது கிடக்கட்டும், அடுப்பை நிப்பாட்டினீரோ?" என்றாள். அதுதான் அவள் எனக்குச் சொல்லும் வணக்கம்.

போன வருடம் இல்லத்தில் பெயரைச் சூட்டில் ஒட்டும் இயந்திரம் ஒன்று வாங்கினார்கள். அதோடு சலவையையும் வெளியே கொடுத்தார்கள். என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். கடைசி நாள் ட்ராம் தரிப்பில் அவள் என்னோடு நின்றாள். "என்ர கை இனி ஆருக்கும் தேவையில்லை" என்று சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. பொது இடத்தில் நான் அழுவதில்லை. அன்றைக்கு இரண்டு ட்ராம்களை விட்டுவிட்டு அழுதேன்.

வேலை போன மூன்றாவது வாரம் அவள் என் வீட்டுக்கு வந்தாள். குசினி மேசையில் இருந்து தேநீர் குடித்துக்கொண்டே, தங்கள் ஜெபக்கூடத்துக்கு ஒரு திரை தைக்க வேண்டும் என்றாள். தோலில் கையால் எழுதிய வேதச் சுருள்களை ஒரு பேழைக்குள் வைத்திருப்பார்கள். அதற்கு முன்னால் தொங்குகிற திரை. வருடப்பிறப்புக் காலத்துக்கென்று தனியாக ஒரு வெள்ளைத் திரை வேண்டுமாம்.

"வெள்ளையோ? வருசப்பிறப்புக்கோ?"

"பாவத்தைக் கழுவுற காலம். வெள்ளைதான்."

எங்களுக்கு வெள்ளை எதற்கு என்பதை நான் சொல்லவில்லை. நடனப் பிள்ளைகளின் அரங்கேற்ற உடுப்புகளுக்கு நான் மணியும் சரிகையும் வைத்துத் தைப்பதுண்டு; அந்தப் படங்களை அவள் என் கைபேசியில் பார்த்திருக்கிறாள். அதே துணிவில் ஒரு கடதாசியில் மயில் ஒன்றைக் கீறிக் காட்டினேன். "வேண்டாம்" என்றாள். தாமரை கீறினேன். கண்ணாடியைப் போட்டுப் பார்த்தாள்.

"இது ஆர்ட்டிசோக்கோ?"

"தாமரை."

"கடவுளுக்கு முன்னால மரக்கறி வைக்கேலாது. மாதுளை கீறும்."

துணியும் நூலும் தையற்கூலியும் தருவது யார் என்று கேட்டேன். தெரியாது என்றாள். தெரிந்தாலும் சொல்லமாட்டாளாம். "குடுக்கிறவருக்கு வாங்கிறவர் ஆரெண்டு தெரியக்கூடாது. வாங்கிறவருக்குக் குடுத்தவர் ஆரெண்டு தெரியக்கூடாது. அதுதான் எங்களிட்ட நல்ல முறை. இந்த ஆள் பேர் வேண்டாமெண்டு சொல்லிப்போட்டார்."

அவள் போன பிறகு குசினிக்குள் நடந்துகொண்டே இருந்தேன். மூன்று கிழமைக்கு முன் நான் அழுதேன். மூன்றாம் கிழமை வேலை வருகிறது. ஊரில் எத்தனை தையற்கடை இருக்கிறது. ஏன் என்னிடம்? என் கணவர் சோபாவில் படுத்திருந்தார். அவரிடம் கேட்டேன்.

"இஞ்சாருங்கோ, பாவம் பார்த்துத் தந்திருப்பாவோ?"

"வேலை வராட்டியும் யோசிக்கிறீர். வந்தாலும் யோசிக்கிறீர். ஒரு நாளைக்கு ஒண்டை எடுத்து யோசியும்" என்றார்.

அளவெடுக்கப் போன நாளில் ஜெபக்கூடத்து வாசலில் பொலிஸ் வண்டி நின்றது. அது எப்போதும் நிற்குமாம். உள்ளே விடுகிற காவலாளி என் பையைத் திறக்கச் சொன்னார். அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது: பைக்குள் பெரிய கத்திரிக்கோல், சின்னக் கத்திரிக்கோல், தையல் பிரிக்கும் கத்தி, ஊசிப் பெட்டி. அவர் ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார். விசா ரத்தாகும்வரை யோசித்துவிட்டேன்; எனக்கு ஜெர்மன் குடியுரிமை கிடைத்தே பல வருடம். அவள் உள்ளே இருந்து வந்து, "இவ எங்கட தையற்காரி, ஆளைப் பார்க்கத்தான் பயம்" என்று சொல்லிக் கூட்டிப்போனாள்.

பேழைக்கு முன்னால் ஒரு நீலத் திரை தொங்கியது. அதன் கீழ் ஓரத்தில் அவர்களுடைய எழுத்தில் இரண்டு வரி தைத்திருந்தது. என்ன என்று கேட்டேன். திரையைக் கொடுத்தவர்கள் தங்கள் தாய் தகப்பன் பெயரைப் போட்டிருக்கிறார்கள் என்றாள். ஆக, இவர்களும் போடுகிறவர்கள்தான். எனக்கு அது நிம்மதியாக இருந்தது.

நான் ஏணியில் நிற்க, அவள் அளவுநாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு ஒரு கதை சொன்னாள். பாலைவனத்தில் அவர்களுடைய முன்னோர் சாமிக்கு ஒரு கூடாரம் அமைத்தார்களாம்.

"மனம் வந்த ஆக்கள் எல்லாம் கொண்டுவந்து குவிச்சினம். நூல், தோல், காப்பு, கண்ணாடி. கடைசியில, போதும், இனிக் கொண்டராதேயுங்கோ எண்டு சொல்ல வேண்டி வந்தது."

"ஆர் ஆர் என்னென்ன குடுத்தது எண்டு எழுதியிருக்கோ?"

"வேலை செய்த கைகாரன்ர பேர் இருக்கு. குடுத்த சனத்தின்ர பேர் இல்லை."

எனக்கு அது பொறுக்கவில்லை. அவ்வளவு சனம், ஒரு பெயர்ப் பட்டிகூட இல்லாமல்.

மூன்று கிழமை தைத்தேன். வெல்வெட்டை மரச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, யன்னலோரம் இரண்டு கதிரைகளுக்கு மேல் வைத்தேன். கை வியர்த்துவிடும் என்ற பயத்தில் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை கழுவி, குழந்தைப் பவுடர் போட்டுக்கொண்டேன். மணம் பிடித்துவிடும் என்று வீட்டில் பொரியலை நிற்பாட்டினேன். மீன் கிடையாது. புட்டு, பாண், அவித்த முட்டை. என் கணவர் மூன்றாம் நாளே, "உந்தச் சாமி எப்ப போகும்?" என்று கேட்டார்.

தங்கச் சரிகையைத் துணிக்கு மேலே படுக்க வைத்து, மெல்லிய பட்டு நூலால் அங்கங்கே கட்டிக்கொண்டு போக வேண்டும். சரிகையை வெல்வெட்டுக்குள் இழுத்துத் தைத்தால் அறுந்துவிடும். இது எனக்கு யாரும் காட்டித் தந்ததில்லை. நடன உடுப்புகளில் பிழைவிட்டுப் பிழைவிட்டுக் கை கண்டுபிடித்தது. மாதுளை ஒவ்வொன்றாக எழும்பி வந்தது. தைக்கும்போது மட்டும் எனக்கு யோசனை வருவதில்லை. ஊசியை வைத்தால் வந்துவிடும்.

ஒன்பதாவது மாதுளை முடிந்த அன்று மேசையைத் துப்பரவாக்கினேன். வெல்வெட் சுற்றி வந்த மட்டைக் குழல் மூலையில் நின்றது. அதை எடுத்தபோது உள்ளே கடதாசி சரசரத்தது. துணிக்கடையின் பில் துண்டு. எத்தனை மீட்டர், என்ன நிறம், யார் பெயரில் கட்டளை. பெயரைப் பார்த்தேன். இருபது ஏப்ரன்களில் நான் தைத்த பெயர். அவளுடையது.

கதிரையில் இருந்துவிட்டேன். உருளைக்கிழங்கு உரிக்கிறவள். குளிருக்கும் மழைக்கும் ஒரே சப்பாத்து. அவள் எனக்காக வெல்வெட் வாங்கியிருக்கிறாள். அப்படியென்றால் முகம்தான். நான் அழுத முகம். என் கைக்கு யாரும் இந்த வேலையைத் தரவில்லை.

அந்த நினைப்போடு சும்மா இருக்க என்னால் ஏலவில்லை. ஏதாவது திருப்பிச் செய்ய வேண்டும். என்னிடம் என்ன இருக்கிறது? ஊசி இருக்கிறது, பெயர் தெரியும்.

கொடுத்தவர் பெயர் வேண்டாம் என்று சொன்னதாகத்தான் அவள் சொன்னாள். ஆனால் எங்கள் கோயிலில் நான் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன். "என்ர பேர் ஒண்டும் போட வேண்டாம் ஐயா" என்று சொல்லிக் கொடுப்பார்கள். அதைக் கேட்டு நிசமாகவே போடாமல் விட்டால் அவ்வளவுதான். ஒருவர் பெரிய பித்தளை விளக்குக் கொடுத்தார். பெயர் வேண்டாம் என்று மூன்று முறை சொன்னார். ஐயரும் அப்பாவியாக விட்டுவிட்டார். அடுத்த திருவிழாவுக்கு அவர் வரவில்லை. அவருடைய தமக்கை குடும்பமும் வரவில்லை. எங்களில் வேண்டாம் என்பது மரியாதை. அதை மீறிப் போடுவது நாங்கள் திருப்பிச் செய்கிற மரியாதை. குழல்விளக்கில்கூட உபயம் என்று எழுதி வைப்போம், வெளிச்சம் பாதிதான் வரும்.

என் கணவரும், "வேண்டாமெண்டு சொல்லுற ஆளின்ர பேரைத்தான் பெரிசாப் போடவேணும்" என்றார். நான் சின்னதாகத்தான் போட்டேன். கீழ் ஓரத்தில், இடது மூலையில், ஜெர்மன் எழுத்தில், தங்கச் சரிகையில். இரண்டு பகல்.

வருடப்பிறப்புக்கு முந்தின ஞாயிறு அவள் பார்க்க வந்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து தொடங்கினாள். ஒவ்வொரு பழத்தடியிலும் நின்றாள். "இதைப் பறிச்சுச் சாப்பிடலாம் போல கிடக்கு" என்றாள். எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. பிறகு கீழே வந்தாள். கண்ணாடியைக் கழற்றினாள்.

"இது என்ர பேர்."

"ஓம்."

"என்னத்துக்கு இஞ்ச?"

"குழலுக்குள்ள கடைத் துண்டு கிடந்தது. நீர்தானே வாங்கினனீர்."

"பேர் வேண்டாமெண்டு சொன்னனான்."

"எல்லாரும் அப்பிடித்தானே சொல்லுறது."

"எந்த எல்லாரும்?"

விளக்குக் கொடுத்தவரின் கதையைச் சொன்னேன். வேறு நாளென்றால் சிரித்திருப்பாள். கதிரையை இழுத்து இருந்தாள்.

"வெள்ளிக்கிழமையில ஜெபக்கூடத்தில சாப்பாட்டுப் பெட்டி கட்டுறது நான்தான். மாவும் எண்ணெயும் ஆருக்கு இல்லையெண்டு எனக்குத் தெரியும். பெட்டி வாங்க வாற மனுசி என்ர பேர் போட்ட திரைக்கு முன்னால நிண்டு கும்பிட வேணுமோ? அவ பிறகு என்ர முகத்தைப் பார்ப்பாவோ?" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "பிரியும்."

இவ்வளவு நாளும் வைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"அப்ப என்ர பெட்டியையும் நீர்தானே கட்டினனீர். ட்ராம் தரிப்பில நான் அழுததுக்காகத்தானே இது?"

அவள் மேசையில் இருந்த ஊசிப் பெட்டியைத் திறந்தாள், மூடினாள்.

"பாவமாத்தான் இருந்தது. பாவம் மட்டுமெண்டால் மேசைத்துணிக்கு விளிம்படிக்கத் தந்திருப்பன். இவ்வளவு வெள்ளை வெல்வெட்டில பாவத்துக்கு ஒருத்தியைக் கத்திரிக்கோல் வைக்கவிட எனக்கு விசரோ?"

நான் ஊசிப் பெட்டியை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"இருக்கிறதுக்குள்ள பெரிய தர்மம் ஒருத்தருக்கு வேலை குடுக்கிறது எண்டு எங்கட ஆக்கள் சொல்லுவினம். அவற்ற சொந்த வேலையை. எனக்கு இஞ்ச ஒருத்தரும் பியானோவைத் தரேல்லை. கிழங்கைத் தந்திச்சினம். வாங்கினன், நன்றி சொன்னன்." எழும்பிக் கோட்டைப் போட்டாள். "செவ்வாய்க்கிழமை கொண்டுவாரும். பேர் இருக்கக்கூடாது."

போகும்போது அடுப்பைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

கடைசி எழுத்திலிருந்து பிரிக்கத் தொடங்கினேன். சரிகை சுலபமாக வந்தது. ஆனால் வெல்வெட்டின் மயிர் நசுங்கிப்போய், எழுத்தின் உருவம் அப்படியே கிடந்தது. தண்ணீர் கொதிக்கிற கேத்திலின் ஆவியைத் துணியின் அடிப்பக்கத்தால் பிடித்தேன். பல்தூரிகையால் மெல்ல நிமிர்த்தினேன். நேரே பார்த்தால் தெரியாது. யன்னல் பக்கம் சாய்த்தால் நன்றாக வாசிக்கலாம். எல்லா எழுத்தையும் பிரித்தால் முழுப் பெயரும் வெள்ளைக்குள் வெள்ளையாக நிற்கும். தொங்கும் திரையில் எத்தனை கோணத்தில் வெளிச்சம் விழும். அது பெயரைப் போட்டதைவிட மோசம். போட்டு மறைத்தது போலாகும்.

திங்கட்கிழமை பகல் முழுவதும் அந்த மூலையைச் சுற்றி நடந்தேன். பிறகு இருந்து, மரத்திலிருந்து விழுந்து வெடித்த ஒரு மாதுளையைத் தைத்தேன். நடன உடுப்புக்கென்று வைத்திருந்த சிவப்பு மணிகளை விதையாக வைத்தேன். பிரிக்காத எழுத்துகள் பழத்துக்கு அடியில் போயின. பாதி பிரித்த கடைசி எழுத்தின் மேலும் பழத்தின் சிவப்புப் பட்டுத் தோலை இழுத்து மூடினேன். திரையில் மற்றப் பழங்கள் எல்லாம் இரண்டு பக்கமும் சரிசமமாக இருந்தன. இது மட்டும் தனியே கீழே கிடந்தது.

செவ்வாய்க்கிழமை அவள் அதைப் பார்த்தாள். "பிரிச்சனீரோ?" என்று கேட்டாள்.

"இனி ஒருத்தருக்கும் தெரியாது" என்றேன். அது பொய்யில்லை. ஆனாலும் ட்ராமில் வீடு வரும்வரை அது பொய்யா இல்லையா என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

வருடப்பிறப்பின் முதல் நாள் காலையில் வரச் சொல்லியிருந்தாள். பையில் ஒரு குண்டூசிகூட இல்லை என்று மூன்று முறை பார்த்துவிட்டுப் போனேன். சின்னக் கூடம்தான்; பின்வரிசையில் அவளுக்குப் பக்கத்தில் இடம். பேழையைத் திறக்கும்போதெல்லாம் எல்லோரும் எழும்பினார்கள், நானும் எழும்பினேன். திரை ஒரு பக்கமாக ஒதுங்கும்போது என் விழுந்த மாதுளை மடிப்புக்குள் போகும், திரும்ப வரும். அரவம் இல்லாத ஒரு நேரத்தில் எங்களுக்கு நேர் முன்னால் இருந்த கிழவி ஒருத்தி திரும்பி, அந்த ஒற்றைப் பழம் நல்லது, எல்லாம் நேராக இருந்தால் பயமாக இருக்கும் என்று என் தோழியிடம் சொன்னாள். யார் தைத்தது என்றும் கேட்டாள். தோழி என்னைக் காட்டினாள். கிழவி என் கையை எடுத்து, சந்தையில் பழம் பார்ப்பதுபோல் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். யார் கொடுத்தது என்று கேட்கவில்லை.

அடுத்த முறை திரை திரும்ப வந்தபோது அதைக் கண்டேன். பழத்தின் ஓரத்தில் ஒரு விரல் நீளத்துக்குச் சரிகை தொங்கியது. கடைசி எழுத்தின் வால். பின்னால் இழுத்துக் கட்டாமல் விட்டிருக்கிறேன். யாராவது இழுத்தால் பழத்தின் தோல் தூக்கும், அடியில் எழுத்துத் தெரியும். முதல் வரிசையில் இருந்து கையை நீட்டினால் போதும். நான் எழும்பப் பார்த்தேன். அவள் என் முழங்கையைப் பிடித்தாள்.

"எங்க போறீர்?"

"நூல் தொங்குது. ஒரு நிமிசம். பல்லாலயாவது கடிச்சு விட்டிட்டு வாறன்."

"இரும். இண்டைக்குத் தைக்கிறதும் இல்லை, வெட்டுறதும் இல்லை, பிய்க்கிறதும் இல்லை. நாளைக்கும் இல்லை."

"ரெண்டு நாளோ?"

"ரெண்டு நாள்."

நான் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். அவள் கண்ணாடியைப் போட்டு அந்த நூலைப் பார்த்தாள். அது தங்கச் சரிகை. பழத்தின் தோல் முழுக்கச் சிவப்புப் பட்டு. பியானோ ஆசிரியைக்கு இதைக் கண்டுபிடிக்க அதிக நேரம் எடுக்கவில்லை.

"எத்தனை எழுத்துப் பிரிச்சனீர்?" என்று முன்னால் பார்த்தபடியே கேட்டாள்.

"ஒண்டு. அதுவும் பாதி."

முன்னால் யாரோ பாடத் தொடங்கினார்கள். அவளும் பாடினாள். வரிகளுக்கு நடுவில் மூச்சு எடுக்கும்போது அவளுடைய தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா, வேறேதுமா என்று எனக்குத் தெரியவில்லை. திரும்பிப் பார்க்கப் பயம். பாட்டு முடிந்ததும் என் பக்கம் சாய்ந்தாள்.

"மூண்டாம் நாள் ஊசியோட வாரும். நூலை வெட்டாதேயும், பின்னுக்கு இழுத்துக் கட்டும். மிச்சத்தை நான் கேக்கேல்லை, நீரும் சொல்லேல்லை."

"சரி."

"உந்தப் பழம் வடிவாத்தான் இருக்கு. பாவத்துக்கு உப்பிடித் தைக்கேலாது." பிறகு குரலை இன்னும் தாழ்த்தினாள். "அடுப்பை நிப்பாட்டினீரோ?"

காலையில் தேநீர் வைத்தது நினைவிருந்தது. நிற்பாட்டியது நினைவில் இல்லை. பேழையைத் திரும்பவும் திறந்தார்கள். எல்லோரும் எழும்பினார்கள். நானும் எழும்பி, நூலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.